உப்பு கேட்ட உடம்பு

சாம்பாரில் உப்பு கூடிப்போனால் என்ன செய்வீர்கள்? உருளைக்கிழங்கை வெட்டிப் போடுவீர்கள். இல்லையென்றால் சோற்றை உருட்டித் துணியில் கட்டி அண்டாவுக்குள் இறக்குவீர்கள். அவசரத்துக்கு வெந்நீர் விட்டுப் பருப்பைக் கூட்டுவீர்கள். கேன்டீன் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதற்குள் அதெல்லாம் கற்றிருப்பீர்கள். அது குழம்புக்கு வைத்தியம். பதினோரு வருஷம் கை தவறாத ஒருவன் திடீரென்று உப்பை அள்ளிப் போட ஆரம்பிக்கிறான் என்றால் அந்த ஆளுக்கு என்ன வைத்தியம்? அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் தெரிந்துகொண்ட விதமும் நல்ல விதம் இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்க வந்து, சூப்பர்வைசராகி, போன வருஷம் ஓய்வு பெற்றேன். எழுதிப் பழக்கம் கிடையாது. காலையில் அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் மனம் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. உங்களிடம் சொல்லிவிட்டால் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

ஏழுமலை எங்கள் சாம்பார் மாஸ்டர். முத்தாபுதுப்பேட்டைக்காரன். அடுத்தவர் வயலில் களை பறித்த குடும்பத்தில் பிறந்தவன், எங்கள் கம்பெனியில் தினமும் அறுநூறு பேருக்குக் குழம்பு வைத்தான். என்னைவிடப் பத்து வயசு சின்னவன். என்னை அண்ணாத்தே என்பான். சாப்பிட வருகிறவன் ஒரு வார்த்தை சொன்னால் இவன் ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுப்பான்.

அவன் வந்து பதினோரு வருஷம் கழித்து ஒரு தை மாதத்தில் குழம்பு கரிக்க ஆரம்பித்தது. முதல் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இரண்டு நாள். பிறகு வரிசையில் நிற்கிறவர்களே தட்டை நீட்டும்போது கேட்க ஆரம்பித்தார்கள்.

"இன்னா மாஸ்டர், எண்ணூர் கடலுக்குப் போய் மொண்டுகினு வந்தியா?"

"மாமே, சாம்பார்ல கருவாடு போடலியே, அப்புறம் எங்கேர்ந்து வருது இவ்ளோ உப்பு?"

ஏழுமலை பதில் சொல்லவில்லை. கரண்டியை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணில் தண்ணீர். அதைத்தான் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். உப்பை விட்டுவிட்டோம், கண்ணீரைப் பிடித்துக்கொண்டோம்.

நாள் போகப் போக அவன் பேச்சே நின்றது. அரிசி மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டான். எழுந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான். பேன்ட்டு இடுப்பில் நிற்காமல் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். ஆளும் கறுத்துவிட்டான். "அண்டா அடி மாதிரி ஆயிட்டான் பாரு, அடுப்பாண்ட நின்னு நின்னு" என்று காய் நறுக்கும் காமாட்சியக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். சாப்பாட்டு நேரத்தில் சோற்றைத் தொடமாட்டான், ஊறுகாய் ஜாடியில் கைவிட்டு மாங்காய்த் துண்டுகளாக எடுத்துத் தின்பான். சில நாள் அடியில் நிற்கும் உப்புத் தண்ணீரையே டம்ளரில் ஊற்றிக் குடிப்பான். மனசு உடைந்தவன் என்னவெல்லாமோ செய்வான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் மனசு உடைந்தது என்பதற்கு எங்களிடம் காரணம் தயாராக இருந்தது. சித்திரையில் அவன் மகள், கூட வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். "பொண்ணு போன ஏக்கம்" என்றாள் காமாட்சியக்கா. சமையற்கட்டு முழுக்க அதையே சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி தேவி என்னிடம் சொன்னாள்: "அண்ணா, அவ போனது சித்திரையில. இவரு தையிலயே படுக்க ஆரம்பிச்சிட்டாரு. காலைல எழுந்தா வாந்தி வர்ற மாதிரி கீதுன்றாரு."

கேட்டேன். காதில் வாங்கவில்லை. "பெத்த மனசும்மா, முன்கூட்டியே தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எவ்வளவு அழகாகச் சொன்னேன் பாருங்கள். ஒரு பேச்சு அழகாக வாயில் வந்து விழுந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

குமணன்சாவடி பக்கம் ஒரு டாக்டரிடம் நானே அவனைக் கூட்டிப்போனேன். அவர் அவனைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது நான். "எடை குறைஞ்சிருக்கா?" என்றார். "சாப்பிடறதே இல்ல சார், பொண்ணு கவலை" என்றேன். "தலை சுத்துதா?" என்றார். "தூக்கம் கிடையாது சார், அதான்" என்றேன். ஏழுமலை இரண்டு தடவை வாயைத் திறந்தான். இரண்டு தடவையும் நான் முந்திக்கொண்டேன். நான் சொன்ன கதைக்கு அவர் மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதினார், மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார், ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு சீட்டு கொடுத்தார். மாத்திரையை வாங்கினோம். ரத்தம் எடுக்கிற இடத்தில் கூட்டமாக இருந்தது. "அதுக்கு இன்னா இப்போ அவசரம்" என்று சொல்லிச் சீட்டை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மனச்சோர்வு என்று ஒரு நோய் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது. அதற்கு மாத்திரை போட்டுப் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும். உடம்பைப் பார்க்காமலே மனசு என்று முடிவு கட்டினேனே, தப்பு அங்கே.

கான்ட்ராக்ட் மேனேஜரிடமும் போனில் சொல்லி வைத்தேன். "ஆளு மனசு சரியில்ல சார், கொஞ்சம் பாத்துக்கலாம்." அவனுக்கு நல்லது செய்வதாக நினைப்பு.

ஆடி பிறந்தது. மாத்திரை போட்டும் ஆள் தெளியவில்லை. எனக்கு ஒரு வழிதான் தெரியும். என் மகனுக்கு அம்மை போட்டுக் கண் திறக்காமல் கிடந்தபோது அம்மனுக்கு ஒன்பது நாள் உப்பில்லா விரதம் இருந்தேன். பிள்ளை பிழைத்தான். அதையே ஏழுமலைக்குச் சொன்னேன். ஒரு வேளைச் சாப்பாடு, அதிலும் ஒரு கல் உப்பு கூடாது.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "உப்பு இல்லாம முடியாது அண்ணாத்தே. வேற எதுனா சொல்லு. மொட்ட அடிச்சுக்கிறேன். தீச்சட்டி எடுக்கிறேன். நடந்து போவச் சொல்லு, போறேன்."

"முடியாததத்தான்டா அம்மாவுக்கு விடணும். முடிஞ்சத விட்டா அது விரதமா?"

இதுவும் அழகான பேச்சுதான்.

முத்தாபுதுப்பேட்டை கோயிலில் அவன் வலது மணிக்கட்டில் என் கையாலேயே மஞ்சள் காப்புக் கட்டினேன். அவன் நாக்கில் உப்பு படக்கூடாது என்பதால் குழம்பை நான் ருசி பார்த்தேன். குழம்பு கரிக்கவில்லை. புகார் நின்றது. விரதம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

நாலாம் நாள் சாமான் அறைக்குள் போனேன். துவரம்பருப்பு மூட்டைக்குப் பின்னால் ஏழுமலை குந்தியிருந்தான். இடது உள்ளங்கை நிறையக் கல்லுப்பு. வாயிலும் உப்பு.

"டேய், காப்பு கட்டிக்கினு இன்னா வேலைடா இது! அம்மாகிட்டயே திருடறியா?"

வாயிலிருந்ததைத் துப்பினான். கையிலிருந்ததை உப்பு மூட்டையில் போட்டான். அழுதான். "ருசிக்காக இல்ல அண்ணாத்தே. நாக்கு கேக்கல, ஒடம்பு கேக்குது."

"ஒடம்பு இல்லடா, ஒன் மனசு கேக்குது. அத அடக்கத்தான் விரதம்."

அவன் எழுந்தான். எழுந்தவன் கண் சொருகி மூட்டைமேலேயே சாய்ந்து மறுபடி உட்கார்ந்தான். வெட்கத்தில் உட்காருகிறான் என்று நினைத்தேன். இந்த இடத்தை எழுதும்போது இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் காலையிலிருந்து வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தான். வீட்டுக்குப் போ என்றால் போகவில்லை. சாப்பாட்டு மணி அடிக்க அரை மணி நேரம் இருக்கும்போது அண்டாவுக்குப் பக்கத்தில் அப்படியே சரிந்தான். கொஞ்சம் இந்தப்பக்கம் சாய்ந்திருந்தால் கொதிக்கிற சாம்பாருக்குள் போயிருப்பான்.

முதலுதவி அறையிலிருந்து நர்ஸ் பிரஷர் மிஷினோடு ஓடிவந்தாள். கையில் சுற்றிக் காற்றை அடித்தாள். மறுபடி அடித்தாள். மிஷின் கெட்டுவிட்டதா என்று தன் கையிலேயே ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "இவருக்குத்தான் பிரஷர் கிடைக்க மாட்டேங்குது, உடனே தூக்குங்க" என்றாள்.

வெளியே அறுநூறு பேர் தட்டோடு வரப்போகிறார்கள். குழம்பு இன்னும் முடியவில்லை. பந்தியை விட்டுவிட்டுச் சூப்பர்வைசர் வெளியே போகக்கூடாது. காமாட்சியக்கா என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "அண்டாவ நா பாத்துக்கறேன். நீ ஆளப் பாரு சூப்பர்வைசரு, நின்னுகினே கீறியே!"

அன்றைக்குச் சரியாக முடிவெடுத்தது அவள். நான் அதன்படி நடந்தேன், அவ்வளவுதான்.

கம்பெனி வண்டியில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர். "ஏதாவது மருந்து சாப்பிடறாரா?" என்றார். அவன் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் முகம் மாறியது. அட்டையில் பாதிக்குமேல் காலி.

"மனச்சோர்வுக்கான மாத்திரை. மொத்தமா முழுங்கிட்டாரா?"

அந்த நேரம் பார்த்துத் தேவி உள்ளே ஓடிவந்தாள். அது அவள் காதில் விழுந்தது. "ஐயோ, முழுங்கிட்டியாய்யா? என்னை வுட்டுட்டுப் போவப் பாத்தியா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஏழுமலைக்குப் பேச்சு வரவில்லை. யாரோ வயிற்றைக் கழுவக் குழாய் கொண்டுவரப் போனார்கள். யாரோ போலீஸ் குறிப்புக்கு அவன் பெயரைக் கேட்டார்கள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "வேற ஏதாவது உண்டா? நாட்டு மருந்து, விரதம், பட்டினி, ஏதாவது?"

நான் பேசவில்லை.

உங்களிடம் சொல்ல வந்ததே இந்த இடத்தைத்தான். எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாமல் இல்லை. தெரிந்தது. ஆனால் தேவி நிற்கிறாள். விரதத்துக்கு அவனை இழுத்தது நான். சாமி காரியத்தை ஆஸ்பத்திரியில் சொன்னால் சிரிப்பார்களோ என்று ஒரு எண்ணம். விரதத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்னொரு எண்ணம். அவர் இரண்டாம் தடவை கேட்டார். அப்போதும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் ஊசி ஏற்ற அவன் வலது கையைத் தூக்கினாள். காப்பு தடுத்தது. கத்தரிக்கோலால் வெட்டினாள். மஞ்சள் கயிறு கீழே விழுந்தது. அது விழுந்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"மாத்திரை முழுங்கலம்மா. தினம் ஒண்ணு, மத்தியானம் என் கண்ணு முன்னாலதான் போட்டான். இது விரதம். அஞ்சு நாளா உப்பே இல்ல. நான்தான் இருக்கச் சொன்னேன். அவன் முடியாதுன்னான். நேத்து உப்பை அள்ளித் தின்னான், நான்தான் திட்டித் துப்ப வெச்சேன். அதுக்கு முன்னாடி ஆறேழு மாசமா ஊறுகாயும் உப்புத் தண்ணியுமாத்தான் இருந்தான். குழம்புல எல்லாம் உப்பு கூடிப்போச்சு. ஆளும் கறுத்துட்டான், அடுப்புல நின்னு..."

டாக்டர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். ஏழுமலையின் கீழுதட்டை விரலால் இழுத்தார். ஈறெல்லாம் மை தடவியது போலக் கறுப்பு. உள்ளங்கையை விரித்தார். ரேகைகள் ஒவ்வொன்றும் கறுப்புக் கோடு.

"அடுப்புச் சூட்டுல ஈறு கறுக்குமா?" என்றார்.

என்னைத் திட்டக்கூட இல்லை. அதற்குள் திரும்பி, குழாய் வேண்டாம், சலைன் வேகமாக ஏற்று, இந்த ஊசியைப் போடு, ரத்தம் எடு என்று சொல்லிக்கொண்டே போனார். தேவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

பிறகு அந்த டாக்டர் எங்களுக்குப் புரியும்படி விளக்கினார். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பில் உப்பைப் பிடித்து வைப்பதும், ஒரு அடி விழுந்தால் தாங்கச் செய்வதும் அவை சுரக்கும் சத்து. ஏழுமலைக்கு அவை இரண்டும் கெட்டுப்போயிருந்தன. எப்போதோ வந்த டிபி உள்ளே இருந்து அவற்றைத் தின்றிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. உப்பு உடம்பில் தங்காமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பசி. அதனால்தான் களைப்பு, வாந்தி, கறுப்பு. அழுகையும் பேசாமையும்கூட அதனால்தான்.

"இது அபூர்வம். ஆனா தைராய்டு குறைஞ்சா இப்படி மந்தமா உட்காருவாங்க. ரத்தம் குறைஞ்சா, சில விட்டமின் குறைஞ்சா, சர்க்கரை ஏறினா, எல்லாமே சோகம் மாதிரி வரலாம். மனசுன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரத்தத்தைப் பாருங்க" என்றார். என் சட்டைப் பைக்குள் போன சீட்டு எனக்கு ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் ஏழுமலை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். தேவி வார்டுக்கு வெளியே வந்தாள். "எனக்குத் தெரியாமப் போச்சும்மா" என்றேன்.

"தெரியாததுக்கு ஒண்ணும் இல்லண்ணா. அவரு மொதல்லயே சொன்னாரே, உப்பு இல்லாம முடியாதுன்னு. அத ஏன் கேக்கல?"

நர்ஸ் வெட்டிய காப்பைப் பொறுக்கி வைத்திருந்தேன், அதை எடுத்துப் போய் அம்மன் காலடியில் வைத்தேன். என் பக்தி குறையவில்லை, இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் அங்கே நின்றபோது ஒன்று தெளிவாயிற்று. அம்மா அவனிடம் உப்பைக் கேட்கவில்லை. அவள் பெயரைச் சொல்லி நான் கேட்டேன்.

உயிர் வந்தது. வேலை வரவில்லை. தினம் மாத்திரை போட்டால் போதும், காய்ச்சல் வந்தால் மட்டும் டாக்டர் சொன்னபடி அதிகம் போட வேண்டும், அடுப்பில் நிற்கலாம் என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வு மாத்திரையையும் டாக்டர் பார்த்துத்தான் படிப்படியாக நிறுத்தினார். ஆனால் மேனேஜர் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மனசு சரியில்லாத ஆளைக் கொதிக்கிற அண்டா பக்கத்துல எப்படி நிறுத்தறது?"

"சார், அது மனசு இல்ல சார், சுரப்பி."

"மனசுன்னு நீங்கதான சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். ஒரு ஆளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அரை நிமிஷம் போதும். அதைத் திருப்பி எடுக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. மூன்று தடவை போனேன். கடைசித் தடவை, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அரை மனசோடு ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை, ஒவ்வொரு அண்டாவையும் யாராவது ருசி பார்த்த பிறகுதான் இறக்க வேண்டும்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை ஏழுமலை திரும்பி வந்தான். உடம்பில் சதை பிடித்திருந்தது. கறுப்பு பாதி குறைந்திருந்தது. எல்லோரையும் விசாரித்தான், என்னையும் விசாரித்தான். சாம்பார் கொதித்தது. உப்பைப் போட்டுக் கலக்கினான். கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதினான். நான் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு அவன் பக்கத்திலேயே நின்றேன்.

அவன் என்னைத் தாண்டிக் கரண்டியைக் காமாட்சியக்காவிடம் நீட்டினான்.

"இன்னா மாஸ்டரு, சூப்பர்வைசரு நிக்கிறாரே?"

"அவருக்கு நாக்கு நல்லாதான் கீதுக்கா. காதுதான் கொஞ்சம் மந்தம்."

சமையற்கட்டே சிரித்தது. அவனும் சிரித்தான். காமாட்சியக்கா நக்கிப் பார்த்துவிட்டு, "சரியா கீது, எறக்கு" என்றாள்.

நீட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அவன் என்னிடம் பழையபடிதான் பேசினான், டீ வாங்கிக் கொடுத்தான், மகள் வீட்டுக்கு வந்து போவதைச் சொன்னான். கரண்டி மட்டும் என் பக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் ஓய்வு பெற்ற நாள்வரை வரவில்லை.